சொரியாசிஸ் ஊசி: டிபி பரிசோதனையும் ஃபிரிட்ஜின் நடுத்தட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 29 உலக சொரியாசிஸ் நாள். அதையொட்டி ‘பயாலஜிக்’ ஊசிகளைப் பற்றிய செய்திகளும் விளம்பரங்களும் வழக்கம்போல் வரும். சென்னையில் தோல் நோய்ப் பிரிவிலும் மருந்தகத்திலும் இந்த ஊசிகளோடு அன்றாடம் புழங்குகிறவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம். “நாலே ஊசியில எல்லாம் போயிடுமாமே” என்று கேட்டு வருவோர் ஒரு சாரார். “அதைப் போட்டா டிபி வந்துடும்” என்று பயந்து ஒதுங்குவோர் இன்னொரு சாரார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. சொரியாசிஸுக்கு இன்று கிடைப்பவற்றில் மிக வலுவான மருந்துகள் இவைதாம். ஆனால் அவை பலிக்காமல் போவதும் கெடுதலில் முடிவதும், நாங்கள் பார்த்தவரை, ஊசிக்கு வெளியே நடக்கும் காரியங்களால்தான். அரைகுறையாகச் செய்த டிபி பரிசோதனை, வழியில் சூடேறிய அல்லது ஃபிரீசரில் உறைந்த மருந்து, பணம் இருக்கும்போது போட்டு இல்லாதபோது விட்டுவிடும் தவணை ஆகிய மூன்றும் முதலில் நிற்பவை.

சொரியாசிஸ் ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. உடலின் எதிர்ப்பாற்றல் தேவையில்லாமல் தூண்டப்பட்டு, ஏறத்தாழ ஒரு மாதத்தில் நடக்க வேண்டிய மேல்தோல் புதுப்பிப்பைச் சில நாள்களுக்குள் முடித்துச் செதிலாகக் கொட்டவைக்கிறது. அந்தத் தூண்டுதலைக் கடத்தும் புரதங்களில் ஒன்றிரண்டை மட்டும் மறித்து நிறுத்துவது பயாலஜிக். மருந்து உடலில் இருக்கும்வரை நோயை அடக்கிவைக்கும், வேரோடு அறுக்காது.

எல்லாருக்கும் இது தேவையும் இல்லை. நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தால் அவருடைய தோல் பரப்பில் சுமார் 1 சதவீதம். அப்படிப் பத்து கை அளவுக்கு மேல் படை இருந்தால் ஊசியைப் பற்றி யோசிக்கலாம். அதைவிடக் குறைவாக இருந்தாலும் உச்சந்தலை, முகம், உள்ளங்கை, உள்ளங்கால், நகம், பிறப்புறுப்பு பாதிக்கப்பட்டு அன்றாட வேலையே கெடுகிறது என்றால் யோசிக்கலாம். காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காமல் இருப்பது, ஒரு விரல் முழுவதும் வீங்குவது, குதிகால் வலி ஆகியவை மூட்டுவாதத்தின் அறிகுறிகள். சொரியாசிஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒருவர் வரை இதற்கு ஆளாகலாம். தோலில் படை கொஞ்சமாக இருந்தாலும் மூட்டு தேயும் முன்பே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

பெரும்பாலோருக்கு அதற்கு முந்தைய படிகள் உண்டு: களிம்புகள், வாரம் இரண்டு மூன்று முறை குறுகிய அலைவரிசை (நாரோபேண்ட் யுவிபி) புற ஊதாக் கதிர், மெத்தோட்ரெக்ஸேட், சைக்ளோஸ்போரின், அப்ரெமிலாஸ்ட் ஆகிய மருந்துகள். இவற்றில் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. தினமும் விழுங்கினால் வாய்ப்புண்ணில் தொடங்கி ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். மருந்துச் சீட்டில் கிழமையின் பெயரை எழுதாத மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஸ்டீராய்டு மாத்திரையும் இடுப்பில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் இந்தப் பட்டியலில் இல்லை. பத்து நாளில் தோல் பளிச்சென்றாகும். நிறுத்தியதும் நோய் இரட்டிப்பாகத் திரும்பும், சிலருக்கு உடல் முழுவதும் சீழ்க் கொப்புளமாக வெடிக்கும். பெயர் தெரியாத பொடியும் சூரணமும் அதே வேகத்தில் ‘பலன்’ தந்தால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுவதே நல்லது.

பயாலஜிக் என்பது ஒரே மருந்தின் பெயர் அல்ல. அடாலிமுமாப், இன்ஃபிளிக்ஸிமாப், எடானர்செப்ட் மூன்றும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுப்பவை. செக்குகினுமாப், இக்ஸெகிசுமாப் இரண்டும் ஐஎல்-17 என்ற இன்னொரு புரதத்தின் தடுப்பான்கள். உஸ்டெகினுமாப் ஐஎல்-12, 23 இரண்டையும் தடுக்கும். குசெல்குமாப், ரிசாங்கிசுமாப், டில்ட்ராகிசுமாப் மூன்றும் ஐஎல்-23ஐ மட்டும் தடுக்கும். இந்தியாவில் 2013இல் அனுமதி பெற்ற இடோலிசுமாப் வேறு வழியில் வேலை செய்வது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்த ஊசி உங்களுக்குப் பொருந்தாமல் போகக் காரணம் உண்டு. இதயம் பலவீனமாகி மூச்சுத் திணறல் இருப்பவர்களுக்கும் நரம்புறை தேயும் நோய் உள்ளவர்களுக்கும் டிஎன்எஃப் தடுப்பான் ஆகாது. குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற குடல் அழற்சி உள்ளவர்களுக்கு ஐஎல்-17 தடுப்பான் குடலைக் கிளறிவிடலாம். நீண்டநாள் வயிற்றுப்போக்கையும் மலத்தில் ரத்தம் போவதையும் வெட்கப்பட்டு மறைத்தால் மருத்துவர் தவறான ஊசியைத் தேர்ந்தெடுக்க நேரும்.

இனி டிபி. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். கிருமி உள்ளே புகுந்தும் நோயாகாமல் எதிர்ப்பாற்றலால் சுவர் கட்டிச் சிறைவைக்கப்பட்ட நிலையில் இருப்போர் அதைவிடப் பல மடங்கு. அந்தச் சுவரைத் தாங்கிப் பிடிக்கும் புரதங்களில் முக்கியமானது டிஎன்எஃப். அதைத் தடுத்தால் சுவர் இடிந்து கிருமி வெளியேறலாம். அதுவும் நுரையீரலோடு நிற்காமல் கழுத்து நெறிக்கட்டி, குடல், முதுகெலும்பு, மூளையுறை என்று பரவலாம். ஐஎல்-17, ஐஎல்-23 தடுப்பான்களில் இந்த ஆபத்து வெகுவாகக் குறைவு. ஆனாலும் நம் ஊரில் எந்த ஊசிக்கும் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

உடலில் டிபி கிருமி புகுந்திருக்கிறதா என்று தோலில் பார்க்கும் மான்டூ பரிசோதனை மலிவானது. அதைக் கெடுப்பதும் எளிது. முன்கையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். போடும் அன்றே எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யார் பார்ப்பது என்று முடிவு செய்துவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து வந்து கையை நீட்டினால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. சிவப்பை அளக்கக் கூடாது. விரலால் தடவும்போது தட்டுப்படும் தடிப்பின் குறுக்களவை மில்லிமீட்டரில் குறிக்க வேண்டும். ‘நெகடிவ்’ என்று மட்டும் எழுதிய சீட்டை ஏற்க வேண்டாம். எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் சிகிச்சைக்குப் போகிறவருக்கு 5 மில்லிமீட்டரே பாசிடிவ். மற்றவர்களுக்கான 10 என்ற கணக்கு இங்கே செல்லாது.

பிறந்தவுடன் போட்ட பிசிஜி தடுப்பூசி மான்டூவைக் குழப்பக்கூடும். ஐக்ரா என்ற ரத்தப் பரிசோதனையை அது குழப்பாது. ஐக்ராவின் பலவீனம் வேறு. அதன் சிறப்புக் குழாய்களில் நேரடியாக எடுத்த ரத்தம் 16 மணி நேரத்துக்குள் இன்குபேட்டரில் ஏற வேண்டும். புறநகர்க் கிளையில் மாலையில் எடுத்து மறுநாள் மதியம் தலைமை ஆய்வகத்துக்குப் போனால் முடிவு நம்பத்தக்கதல்ல. அதனால் ரத்தம் கொடுக்கும்போதே எப்போது ஆய்வகத்துக்குப் போகும் என்று கேளுங்கள். ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இரண்டு சோதனைகளுமே பொய்யாக நெகடிவ் காட்டலாம். ஆகவே மார்பு எக்ஸ்ரேயும் விசாரணையும் சேர்ந்தால்தான் பரிசோதனை முழுமை. வீட்டில் யாருக்காவது டிபி வந்ததா, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, மாலையில் காய்ச்சலா, எடை இறங்குகிறதா என்று கேட்க வேண்டும். இருமல் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை, ஊசி காத்திருக்கட்டும்.

பாசிடிவ் என்றால் டிபி நோய் என்று பொருள் இல்லை. உறங்கும் கிருமி இருக்கிறது என்றுதான் பொருள். நோய் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, தடுப்பு மருந்துக்கு இரண்டு வழிகள் பரவலாக உள்ளன: ஐசோனியசிட் தினமும் 6 மாதம், அல்லது ஐசோனியசிட்டும் ரிஃபாபென்டினும் வாரம் ஒருமுறை 12 தவணை. டிஎன்எஃப் தடுப்பான் தொடங்க இருப்பவர்களையும் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் வழிகாட்டுதல் இந்தத் தடுப்பு சிகிச்சைக்கு உரியவர்களாகச் சேர்த்திருக்கிறது. குறைந்தது ஒரு மாதமாவது இந்த மருந்து போன பிறகே பயாலஜிக் தொடங்குவது வழக்கம். தொடங்கியபின் மீதியை நிறுத்திவிடக் கூடாது. நோயாளிகள் இடறுவது இங்கேதான். தோல் தெளிந்ததும் டிபி மாத்திரை ‘எதுக்கு’ என்று தோன்றிவிடுகிறது. ஐசோனியசிட்டோடு பி6 வைட்டமின் சேர வேண்டும், இல்லையென்றால் பாதம் மரத்துப்போகலாம். மது கூடவே கூடாது, ஏற்கெனவே மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடும் கல்லீரல் என்றால் இன்னும் கவனம். ரிஃபாபென்டின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். அதற்கு மாற்று ஏற்பாடு தேவை.

காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்கு நிரூபித்த ஆய்வு 1950களில் இதே சென்னையில் நடந்தது. அதை நடத்திய நிறுவனம் இன்றும் சேத்துப்பட்டில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் மான்டூ தடிப்பை அளக்க ஸ்கேல் தேட வேண்டியிருப்பது வருத்தம்தான்.

டிபியைப் போலவே உடலில் பதுங்கியிருக்கக்கூடிய ஹெபடைட்டிஸ் பி விஷயத்தில் ஒரே ஒரு சோதனையோடு நின்றுவிடுகிறார்கள். இப்போதுள்ள தொற்றைக் காட்டும் ‘மேற்பரப்பு ஆன்டிஜென்’ சோதனை நெகடிவாக இருந்தாலும் பழைய தொற்றின் தடயத்தைக் காட்டும் ‘கோர்’ எதிர்ப்பொருள் சோதனையும் தேவை; அது பாசிடிவ் என்றால் கல்லீரல் மருத்துவரின் ஆலோசனையோடுதான் தொடங்க வேண்டும். ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி, ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள் வழக்கமானவை.

தடுப்பூசிகளை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். ஃப்ளூ, நிமோனியா, ஹெபடைட்டிஸ் பி போன்ற உயிரற்ற தடுப்பூசிகளை இடையிலும் போடலாம். தட்டம்மை (எம்எம்ஆர்), சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை பயாலஜிக் தொடங்குவதற்கு நான்கு வாரம் முன்பே போட்டாக வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இன்ஃபிளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்றவை தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். நம் ஊரில் பிறந்தவுடன் பிசிஜி போடுவது வழக்கம். அத்தகைய குழந்தைக்கு பிசிஜி கிருமி உடல் முழுவதும் பரவி உயிரிழப்பு நேர்ந்த சம்பவம் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. குறைந்தது ஆறு மாதம் உயிருள்ள தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டும். பிரசவ அறையில் செவிலியர் கேட்காமலே போட்டுவிடுவார். ஆகவே தாயின் மகப்பேறு அட்டையில் இதைப் பெரிய எழுத்தில் எழுதிவைப்பது குடும்பத்தின் வேலை. கர்ப்பத்துக்குத் திட்டமிடுவோர் முன்கூட்டியே சொன்னால் மருந்தை மாற்ற வழியுண்டு. மெத்தோட்ரெக்ஸேட்டைக் குறைந்தது மூன்று மாதம் முன்பே நிறுத்தியாக வேண்டும்.

அடுத்தது ஃபிரிட்ஜ். இந்த மருந்துகள் புரதங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடேறினாலும் உறைந்தாலும் புரதம் திரண்டு கெடும். பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும், ஆனால் வேலை செய்யாது. அதைவிட மோசம், திரண்ட புரதத்தை உடல் அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்பொருள் உருவாக்கலாம். பிறகு நல்ல மருந்து போட்டாலும் பலிக்காமல் போகும். வெளிநாட்டு அடாலிமுமாப் பெட்டியில் 25 டிகிரிக்கு உட்பட்ட அறையில் 14 நாள் வரை வெளியே வைக்கலாம் என்றிருக்கும். ஏசி இல்லாத சென்னை வீட்டில் 25 டிகிரி எந்த மாதத்தில் பகலில் இருக்கிறது? செக்குகினுமாப்புக்கு 30 டிகிரிக்குள் 4 நாள். மே மாதத்தில் அதுவும் இல்லை. உங்கள் பெட்டியில் உள்ள தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே அந்த மருந்துக்குக் கணக்கு.

மருந்துக் கடையில் வாங்கும்போது ஃபிரிட்ஜிலிருந்து உங்கள் கண்முன் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்து, மருந்து அட்டைப் பெட்டிக்கும் ஐஸ் பேக்குக்கும் நடுவே துணியோ மடித்த செய்தித்தாளோ வைக்க வேண்டும். பனிக்கட்டி நேராகப் பட்டால் அந்த இடத்தில் மருந்து உறையும். ஸ்கூட்டர் டிக்கியில் வைக்காதீர்கள். வீட்டில் நடுத்தட்டில், ஒரு மூடிய டப்பாவுக்குள், பின்சுவரைத் தொடாமல் வையுங்கள். ஃபிரிட்ஜ் கதவு வேண்டாம்; ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃபிரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டும் வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர், உள்ளே இருக்கும் பல ஆயிரம் ரூபாய் மருந்துக்குக் காவல். உறைந்த ஊசியைக் கரையவைத்துப் போடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூன்று மாத மருந்தை ஒரேயடியாக வாங்கி வைக்காமல் அடுத்த தவணைக்கு மட்டும் வாங்குவது புத்திசாலித்தனம். ரயிலிலும் விமானத்திலும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

போடுவதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பு வெளியே எடுத்து அப்படியே விடுங்கள். வெந்நீரில் நனைக்கவோ குலுக்கவோ வேண்டாம். கலங்கலாக, துகளோடு இருந்தால் போடாதீர்கள். தொடையின் முன்பக்கம், அல்லது தொப்புளைச் சுற்றி 5 சென்டிமீட்டர் விட்டு வயிறு. படை, தழும்பு, கன்றிய இடம் வேண்டாம். ஒவ்வொரு முறையும் இடம் மாற வேண்டும். ஸ்பிரிட் காய்ந்த பிறகே குத்துங்கள், ஈரத்தோடு குத்தினால் எரியும். பேனா ஊசியைத் தோலுக்குச் செங்குத்தாக அழுத்தினால் பெரும்பாலான பேனாக்களில் முதல் ‘கிளிக்’ கேட்கும், அது தொடக்கம்தான். இரண்டாவது ‘கிளிக்’ கேட்டு, ஜன்னலில் வண்ணப் பட்டை நின்ற பிறகும் சில நொடி அழுத்தியே வைத்திருங்கள். முதல் கிளிக்கிலேயே எடுத்துவிட்டு மருந்து தொடையில் வழிவதுதான் புதியவர்களுக்கு நேரும் விபத்து. அப்படி நேர்ந்தால் நீங்களாக இன்னொன்று போடாதீர்கள். மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். தேய்க்கவும் வேண்டாம். போட்ட ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள். குப்பை வண்டித் தொழிலாளியின் கையில் அது குத்தக் கூடாது.

தொடங்குமுன் ஓராண்டுக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். அடாலிமுமாப் முதல் நாள் 80 மில்லிகிராம், ஒரு வாரத்தில் 40, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40: முதல் 52 வாரத்தில் 40 மில்லிகிராம் ஊசிகள் 28. செக்குகினுமாப் 300 மில்லிகிராம் வீதம் 0, 1, 2, 3, 4 ஆகிய வாரங்களில், பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை. 150 மில்லிகிராம் பேனாவாக வாங்கினால் முதல் தொடரிலேயே 10 பேனா செலவாகும். உஸ்டெகினுமாப்பும் ரிசாங்கிசுமாப்பும் 0, 4 வாரங்களில், பிறகு 12 வாரத்துக்கு ஒருமுறை: ஆண்டுக்கு ஐந்து தவணை. 100 கிலோவுக்கு மேல் எடை உள்ளவருக்கு உஸ்டெகினுமாப் 45க்குப் பதில் 90 மில்லிகிராம். ஒரு ஊசியின் விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர், நான்காம் மாதத்தில் நிறுத்திவிடுகிறார். விட்டு விட்டுப் போடும்போது உடல் எதிர்ப்பொருளை உருவாக்கிக்கொள்ளும். குறிப்பாக இன்ஃபிளிக்ஸிமாப்பை நீண்ட இடைவெளிக்குப் பின் மீண்டும் ஏற்றும்போது கடுமையான ஒவ்வாமை வரலாம். ஆண்டு முழுவதற்கும் பணம் இல்லையென்றால் மெத்தோட்ரெக்ஸேட்டையும் கதிர் சிகிச்சையையும் ஒழுங்காகச் செய்வதே மேல் என்று சொல்ல எங்களுக்குத் தயக்கமில்லை. 2014 இறுதியில் இந்தியாவில் அடாலிமுமாப்பின் உள்நாட்டு நகல் வந்தபின் விலை இறங்கியிருக்கிறது. ஆனால் கடைக்காரர் தன்னிச்சையாக பிராண்டை மாற்றித் தரக் கூடாது. ஒவ்வொரு முறையும் பிராண்டையும் பேட்ச் எண்ணையும் நோட்டில் எழுதிவையுங்கள்.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு செய்தி. மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசியை (இந்த பயாலஜிக்குகளில் பெரும்பாலானவை அந்த வகைதான்) பாலிசியிலிருந்து அடியோடு விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் சொல்லிவிட்டது. உள்நோயாளியாகவோ பகல்நேர சிகிச்சையாகவோ எடுத்தால் கேட்கலாம், உச்சவரம்பு இருக்கலாம். ‘வெளிநோயாளி’ என்று காரணம் காட்டித்தான் பெரும்பாலும் தட்டிக் கழிக்கிறார்கள். முதல் ஊசிக்கு முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

பலனை 12 முதல் 16 வாரத்தில் அளக்க வேண்டும். ஐஎல்-17 தடுப்பான்கள் சில வாரங்களிலேயே வேலையைக் காட்டும். உஸ்டெகினுமாப் மெதுவாகத்தான் நகரும். மூன்றாம் வாரத்தில் ‘பலிக்கல’ என்று மாற்றச் சொல்லாதீர்கள். தொடங்கும் நாளிலேயே ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்துவையுங்கள், மதிப்பெண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். நோயின் கடுமையைக் காட்டும் ‘பாசி’ என்ற அந்த மதிப்பெண் 0 முதல் 72 வரை; தொடக்க அளவில் 90 சதவீதம் குறைவதுதான் இன்றைய இலக்கு. சில மாதம் நன்றாக இருந்து பிறகு தேய்ந்தால், மருந்தை மாற்றும் முன் ஃபிரிட்ஜையும் தவணைத் தேதிகளையும் எடையையும் பாருங்கள்.

இடையில் 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஆன்டிபயாடிக் தேவைப்படும் தொற்று, டெங்கு சந்தேகம் என்றால் அன்றைய ஊசியைத் தள்ளிவைத்து மருத்துவரைக் கேளுங்கள். ஐஎல்-17 ஊசி போடுவோருக்கு நாக்கில் வெள்ளையாகப் படியும் பூஞ்சை வரலாம்; சொட்டு மருந்திலோ மாத்திரையிலோ தீரும், ஊசியை நிறுத்த வேண்டியதில்லை. பல் பிடுங்குவதற்கும் நிறுத்த வேண்டாம். பெரிய அறுவை சிகிச்சை என்றால் முந்தைய நாள் சொல்லிப் பயனில்லை: அடாலிமுமாப் பாதியாகக் குறையவே இரண்டு வாரமும் செக்குகினுமாப்புக்கு ஏறத்தாழ நான்கு வாரமும் ஆகும்.

அரசுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் எங்கள் கோரிக்கை பெரிதல்ல. ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவமனைகளின் தோல் பிரிவில் தகுதியானவர்களுக்கு ஓராண்டுத் தொடர் முழுவதற்கும் உறுதி தந்து ஊசி தொடங்கப்படட்டும். பாதித் தொடருக்கு மட்டும் கையிருப்பு வைத்துத் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு நோயாளிக்கும் தமிழில் ஒரு பக்க அட்டை தரலாம். மான்டூ மில்லிமீட்டர், ஐக்ரா தேதி, ஹெபடைட்டிஸ் பி சோதனைகள் இரண்டின் முடிவு, மருந்தின் பெயர், பேட்ச் எண், அடுத்த தவணைத் தேதி, காய்ச்சல் வந்தால் கூப்பிட வேண்டிய எண். இவ்வளவும் ஒரு அட்டையில் அடங்கும். இரவில் அவசரப் பிரிவுக்குப் போகும் நோயாளி அதை நீட்டினால், பணியில் இருக்கும் இளம் மருத்துவர் டிபியையும் நினைத்துப் பார்ப்பார்.

இப்படிக்கு,
தோல் நோய் மருத்துவர்கள் இருவர், மருந்தாளுநர் ஒருவர்
சென்னை